உங்களுக்குத் தெரியுமா? சுபாவம் என்று நினைத்தது நோயாக இருக்கலாம்

“அவர் எப்பவும் உம்முன்னுதான் இருப்பார்”, “அவ பொறந்ததிலிருந்தே அழுமூஞ்சி” என்று வீட்டில் ஒருவருக்குப் பட்டம் கட்டிவிடுகிறோம். பெரியவர்களுக்கு 2 ஆண்டுகள், பிள்ளைகளுக்கு 1 ஆண்டு, பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே கிடந்து, தூக்கம், பசி, தன்னம்பிக்கை ஆகியவையும் குலைந்திருந்தால் அது ‘டிஸ்தைமியா’ என்னும் நீடித்த மனச்சோர்வாக இருக்கலாம். இவர்கள் வேலைக்குப் போவார்கள், சமைப்பார்கள், கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வருவார்கள். அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. பதின்வயதில் தொடங்கியிருந்தால் அவர்களுக்கே பிடிபடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல காலம் நினைவில் இருக்காது.

குணமா, நோயா என்று மருத்துவர்களே நெடுநாள் வாதிட்ட விஷயம் இது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் மனநிலைக் கோளாறுகளின் வரிசையில் டிஸ்தைமியா இடம்பிடித்தது 1980-ல்தான்.

நீடித்த சோர்வின் மேலேயே கடும் மனச்சோர்வும் வந்து ஏறலாம். ‘இரட்டைச் சோர்வு’ என்பார்கள். கடுமை தணிந்ததும் “பழையபடி ஆயிட்டார்” என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. அந்தப் பழையபடியும் நோய்தான், அதற்கும் சிகிச்சை வேண்டும்.

தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவையும் சோர்வாகவே முகம் காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சோர்வு இன்னொரு நோயின் ஒரு பாதியாகவும் இருக்கலாம். சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது பைபோலார். உற்சாகம் பொங்கும் நாட்களில் யாரும் மருத்துவரைத் தேடுவதில்லை. சோர்ந்தபோது மட்டும் போகிறார்கள். அங்கேதான் ஆபத்து. பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது மறுகோடிக்குத் தள்ளிவிடக்கூடும். தூக்கமே தேவைப்படாமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள், கையில் இருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்த வாரம் என எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நோயாளிக்கு அது கோளாறாகவே தோன்றியிருக்காது என்பதால், கூடப் போகிறவர் சொல்வது இன்னும் நல்லது.

பைபோலாருக்கான லித்தியம், ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் உலகுக்குச் சொன்னது. தொழிற்சாலையில் செய்த புதுக் கூட்டுப்பொருள் அல்ல, இயற்கையில் கிடைக்கும் ஓர் உலோகத்தின் உப்பு. முக்கால் நூற்றாண்டு கடந்தும் நோய் திரும்பாமல் காப்பதில் இது முன்வரிசையில் நிற்கிறது. தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே சிறிய இடைவெளிதான். ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். கடும் வெயிலில் வியர்த்துக் கொட்டி உடலில் நீர் வற்றினாலும் அளவு ஏறிவிடும்.

மனநிலைக் கோளாறு வராமலே தடுக்க உறுதியான வழி இல்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. திரும்பி வராமல் தடுப்பதில்தான் நம் கையில் நிறைய இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று தானாக நிறுத்துவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு.

பைபோலாருக்குத் தூக்கமே காவல். படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் பைபோலார் உள்ள பெண்களுக்கு மிகவும் அபாயமானவை. கருத்தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் பேசிவிட வேண்டும். பச்சை உடம்புக்காரியின் இரவுத் தூக்கத்தைக் காக்க வீட்டில் ஒருவர் பிள்ளையை வாங்கிக்கொள்வதும் ஒரு தடுப்பு மருத்துவம்தான்.

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்புவதற்கு ஒரு முன்னறிகுறி உண்டு. ஒருவர் போனை எடுக்க மாட்டார், இன்னொருவர் குளிப்பதைத் தள்ளிப்போடுவார். நன்றாக இருக்கும்போதே அதை எழுதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416, 2022 முதல் இயங்குகிறது. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, அவரை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் அம்மாவும் கூப்பிடலாம்.