செம்பருத்தியைப் பேணுவோம்

செம்பருத்திப் பூ காலையில் விரிந்து, பெரும்பாலும் அன்று மாலையே வாடிவிடும். ஆயினும் செடி நாள்தோறும் புதுப்பூ தருவது எவ்வாறு? மொட்டுகள் புதுத் தளிர்களில்தான் தோன்றுகின்றன. ஆகவே கிளையை வெட்டத் தயங்கினால் பூக்கள் குறையும். ஆண்டுக்கொருமுறை முற்றிய கிளைகளில் மூன்றிலொரு பங்கைக் கத்தரித்து, மட்கிய சாண எரு இடுவோம். பென்சில் பருமனுள்ள குச்சிகளை அரையடி நீளத்தில் நறுக்கி நிழலில் நட்டால் புதுச்செடிகள் கிடைக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். தண்டில் எறும்புகள் ஊர்ந்தால் மாவுப்பூச்சியைத் தேடுவோம். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைக் காக்கின்றன. வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளிப்போம்.

தோழியரே, மாதா கெபியில் நாம் வைக்கும் மலர், வெட்டுப்பட்டுத் தளிர்த்த கிளையில் பூத்தது. திராட்சைக் கொடி உவமையில் ஆண்டவர் நமக்குக் கற்பித்ததும் இதுவன்றோ!