உங்களுக்குத் தெரியுமா? படுக்கைப் புண் எப்போதும் சிவந்து தொடங்குவதில்லை

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருப்பவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அழுந்தும் சதைக்கு ரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே புண்ணுக்கு வழி பிறந்துவிடும். இடுப்பின் பின்புறமும் குதிகாலும் முதலில் பாதிக்கப்படும். ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டு, அதன் பட்டை உரசும் காதுமடல் ஆகியவற்றையும் நர்ஸ்கள் தினமும் பார்த்தாக வேண்டும்.

ஆபத்தை முன்கூட்டியே கணிக்க, பிரிட்டிஷ் நர்ஸ் டோரீன் நார்ட்டனின் மதிப்பெண் முறை 1962-இல் வந்தது. இன்று பரவலாகப் பயன்படுவது 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல். உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, உணவு, உராய்வு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. மொத்தம் 23, குறையக் குறைய ஆபத்து அதிகம்.

பயிற்சியில் கைவிடச் சொல்லும் பழக்கங்களும் உண்டு. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைப்பது இரண்டுமே கெடுதல்.

விரலால் அழுத்தியும் சிவப்பு வெளுக்காவிட்டால் அது முதல்நிலைப் புண். நம்மில் பலருக்கு உள்ள கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணில் படாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, இறுகியோ கொழகொழத்தோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.