வீட்டிலேயே ரெக்கார்டிங் ஸ்டூடியோ!

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நிறைய விஷயம் இருக்கறதால இடமில்லாம நெருக்கி எழுதியிருக்கேன்.

கிட்டார் கத்துக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் நாம வாசிப்பதை நாமே வெளியிலிருந்து கேட்கணும்னு ஆசை வரும். எனக்கு அதைவிட அவசரமான காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் வகுப்பில் பாடுகிறவன் யாரென்று உங்களுக்கே தெரியும். அவங்க அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான். நாங்கள் இருவரும் சேர்ந்து மெட்டுப் போட்ட பாட்டு மொத்தம் ஆறு. எதுவும் எந்த நோட்டிலும் இல்லை, எங்க ரெண்டு பேர் தலைக்குள்ளதான் இருக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. அவனுக்குக் குரல் உடைகிற வயசு. இந்த வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடித்து, சுருதி கீழே இறங்கும். ஜூலையில் அவன் எட்டிப்பிடித்த மேல் ஸ்தாயி இப்போ எட்ட மாட்டேங்குது. பாட்டை ரெண்டு கட்டை இறக்கியாச்சு. அதனால் அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்னு விட முடியாது. அப்போ ஆள் வருவான், இந்தக் குரல் வராது.

ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்குக்கு வாடகை. ஆகவே வீடுதான் ஸ்டூடியோ. வேண்டியவை: ஒரு கிட்டார், வீட்டில் ஒரு போன் (வீட்டில் மட்டும்தான் சார், சத்தியமா!), ஒயர் வைத்த இயர்போன், கொஞ்சம் போர்வை. இதை வச்சு என்ன பெரிசா பண்ணிட முடியும்னு கேட்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று ஒரு பெரிய பாடகர். 1982-ல் அவர் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பம் எங்கே பதிவானது தெரியுமா? நியூ ஜெர்சி மாநிலத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில், படுக்கை அறையில்! டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டூடியோ என்ற நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று, ஷூர் எஸ்.எம்.57 என்ற சாதாரண மைக் இரண்டு. அவ்வளவுதான். மாதிரிக்காகத்தான் முதலில் பதிவு செய்தார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் முழுக் குழுவையும் வைத்து அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தும் அந்தக் கேசட்டில் இருந்த உணர்ச்சி வரவில்லை. கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள்.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் இருந்ததா தெரியாது, நம் வீட்டில் இருக்கும் முதல் எதிரி மேலே சுத்துற ஃபேன்! நம் மூளை ஃபேன் சத்தத்தைப் பழகிப்போய் ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த மூளை கிடையாது, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும். காற்று நேராக மைக்கில் அடித்தால் புஸ் புஸ்ஸுனு வேறு கேட்கும். ஆகவே ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையோடுதான் வாசிக்கணும், வேற வழியில்லை. அடுத்த எதிரி ஃபிரிட்ஜ். அது விட்டு விட்டு ஓடும், நிற்கும்வரை காத்திருக்கலாம். அணைப்பதென்றால் அப்பாவின் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அணையுங்க. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தால் பால் கெட்டு அம்மாவிடம் அடி விழும். சாவி உள்ளே இருந்தால் வண்டி கிளம்பும் நேரத்தில் தானாக ஞாபகம் வந்துவிடும்!

மிக்ஸி, குக்கர் விசில், காய்கறி வண்டி, காக்கா எல்லாத்துக்கும் ஒரே மருந்து விடியற்காலை. அஞ்சு மணிக்கு எழுந்தால் சுமார் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதைவிட அருமையான நேரம் கரண்ட் போகும் நேரம்தான். தெருவில் அத்தனை ஃபேனும் மோட்டாரும் ஒரே நொடியில் நின்றுவிடும். போன்தான் பேட்டரியில் ஓடுதே! கரண்ட் போனா எல்லாரும் திட்டுவாங்க, நாங்க ரெண்டு பேர் மட்டும் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இல்லாதவரை சரி.

அறைக்குள் எதிரொலி வேறு. இயற்பியல் சார் நடத்தினது ஞாபகம் இருக்கா? எதிரொலி தனியாகக் கேட்க, தடை 17 மீட்டர் தள்ளியாவது இருக்கணும். நம் அறை அவ்வளவு பெரிசு இல்லை. சுவரில் பட்டு வரும் ஒலி மூல ஒலியோடே கலந்து நீண்டு ஒலிக்கும். அதுதான் எதிர்முழக்கம். குளியலறையில் பாடினால் எல்லாரும் பெரிய பாடகர் ஆகிறது இதனால்தான். ஆனால் பதிவுக்கு அது ஆகாது. எதிர்முழக்கத்தைக் கம்ப்யூட்டரில் பிறகு சேர்த்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. பதிவோடு ஒட்டிக்கிட்டு வந்ததைச் சுத்தமாப் பிரிச்சு எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால் மெத்தை, தலையணை, துணி இருக்கும் அறையாகப் பார்க்கவும். கொடிக்கயிறு கட்டி உங்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் கனமான ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கை தட்டிப் பாருங்க. 'டங்'கென்று நீண்டால் இன்னும் துணி வேணும். 'டப்'பென்று நின்றால் அறை தயார்.

அடுத்தது மைக்கை எங்கே வைப்பது? எல்லா விஷயத்தையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. எல்லாரும் செய்வது, கிட்டாரின் நடுவில் இருக்கும் வட்ட ஓட்டைக்கு நேர் எதிரே போனை வைப்பது. சத்தம் அங்கிருந்துதானே வருதுன்னு நினைப்போம். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு ஒலி வருமில்லையா? கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு அடையும். ஓட்டைக்கு நேரே வைத்தால் அந்த 'பூம்' மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சரியான இடம் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே. பெரும்பாலான கிட்டாரில் அங்கே ரெண்டு புள்ளி இருக்கும், சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். தூரம் 30 செ.மீ., அதாவது நம்ம ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் ரெண்டு அளவு. (பக்கத்தில் படம் வரைந்திருக்கேன். அந்த உருளை மாதிரி இருப்பது தலை, நான்தான்.)

போனில் மைக் இருப்பது பெரும்பாலும் சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஊசி முனை அளவு ஓட்டையாக. அந்தப் பக்கம் கிட்டாரைப் பார்க்கணும். பவுச் மூடியிருந்தால் கழற்றிடுங்க. போனை வெறும் மேஜை மேல் வைக்காமல் மடித்த துண்டு மேல் வைத்தால், நாம் காலால் தாளம் போடுகிற அதிர்வு ஏறாது. பத்து விநாடி அங்கே, பத்து விநாடி கொஞ்சம் தள்ளி, பத்து விநாடி வலது தோளுக்கு மேலிருந்து என்று மாத்தி மாத்திப் பதிவு செய்து கேட்டுப் பாருங்க. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இது தோள்", "இது பன்னிரண்டு" என்று வாயால் சொல்லிவிடவும். இல்லாட்டி எது எதுன்னு குழம்பிடும். ஒவ்வொரு கிட்டாருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

சத்த அளவு: பாட்டிலேயே பலமா அடிக்கிற இடத்தை முதலில் வாசித்துப் பார்க்கணும். திரையில் அலை உச்சி கத்தரியால் வெட்டின மாதிரி தட்டையாக இருந்தால் ஒலி உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதை எந்த மென்பொருளாலும் முழுசாத் திருப்பிக் கொண்டுவர முடியாது. போனைப் பின்னால் தள்ளுங்க. கம்ப்யூட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் நின்றால் நல்லது. சில போன்கள் அதிகப்பிரசங்கி. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று, கிட்டார் கம்பி மெதுவாக அடங்கும் கடைசி ஒலியையும் சேர்த்து வெட்டிவிடும். அமைப்பில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடவும். பதிவை 'வேவ்' வடிவில் வைப்பது நல்லது. அதில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளக்கணும், அதனால்தான் இந்த எண். ஒற்றை டிராக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி. இடம் பிடிக்கும். போனை விமானப் பயன்முறையில் போட மறக்காதீங்க. நல்லா வாசிக்கும்போதுதான் மாமா போன் பண்ணுவார்.

ஒவ்வொரு தடவை பதிவுக்கு முன்னாலும் சுருதி பார்க்கணும். ஃபேன் நின்ற அறையில் சூடு ஏறினால் கம்பி இறங்கும். புதுக் கம்பி போடுவதென்றால் ரெண்டு நாள் முன்னாலேயே போட்டுடுங்க. அன்றே போட்டால் இழுபட்டு இழுபட்டு இறங்கிக்கிட்டே இருக்கும். கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், கிரீச்சிடும் நாற்காலி எல்லாம் வெளியே.

இப்போ பாட்டு. கிட்டாரையும் குரலையும் ஒரே போனில் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றொன்றை அமுக்கும். ஒருத்தர் பிசகினால் ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிக்கணும். தனித்தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது மேல். லெஸ் பால் என்ற கிட்டார் மேதை 1948-லேயே 'லவ்வர்' என்ற இசைத்தட்டில் எட்டு கிட்டாரையும் தானே ஒன்றன் மேல் ஒன்றாக வாசித்துச் சேர்த்திருக்கிறார், அதுவும் தன் வீட்டு கார் ஷெட்டில்! நாம் ரெண்டு போனில் செய்யலாம். ஒரு காதில் இயர்போனில் மெட்ரோனோம் 'டிக் டிக்' கேட்டுக்கொண்டே கிட்டாரை முதல் போனில் பதிவு செய்யணும். ஆரம்பத்தில் மட்டும் நாலு தடவை சத்தமாகக் கட்டையில் தட்டவும். பிறகு அந்தப் பதிவைப் பாடுகிறவன் இயர்போனில் கேட்டுக்கொண்டே ரெண்டாவது போனில் பாடுவான். ஒரு தந்திரம்: அந்த நாலு தட்டு ஓடும்போது இயர்போனை ரெண்டாவது போனின் மைக்கில் ஒட்டிப் பிடித்து, பிறகு சட்டென்று காதில் வைத்துக்கொள்ளணும். ரெண்டு பதிவிலும் அதே நாலு தட்டு இருக்குமில்லையா, கம்ப்யூட்டரில் தட்டுக்கு நேரே தட்டை வைத்தால் பாட்டு பொருந்திவிடும். பாட்டு தொடங்க நாலு எண்ணிக்கை இடைவெளி விட்டால் அவசரப்பட வேண்டியதில்லை.

இயர்போன் ஒயரோடுதான் இருக்கணும். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 34 மீட்டர் போய்விடும். அதாவது மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவன் தாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பாடுகிற மாதிரி. யாரால முடியும்?

கம்ப்யூட்டர் வேலைக்கு 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் போதும். முழுக்க இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், 2000-லிருந்து இருக்கிறது. ரெண்டு பதிவையும் உள்ளே கொண்டுவந்து, தட்டுகளை நேர்ப்படுத்தி, முன்னும் பின்னும் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் மிகத் தாழ்ந்த ஒலி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே இருப்பதெல்லாம் தெருவில் போன லாரிதான், வெட்டிவிடலாம். இரைச்சல் நீக்கும் வசதியும் இருக்கு, கொஞ்சமா போடுங்க. அதிகமானால் தண்ணிக்குள்ளிருந்து பாடுற மாதிரி கேட்கும். அசல் பதிவை மட்டும் அழிக்காமல் இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கவும்.

இதுவரை ஆறில் நாலு பாட்டு முடிந்துவிட்டது. மூணாவது பாட்டில் தூரத்தில் ஒரு சேவல் கூவுது. அதை வெட்டலாமா வேண்டாமான்னு எங்களுக்குள் சண்டை. அவன் வெட்டக் கூடாதுங்கறான். மிச்சம் ரெண்டில் ஒன்றுக்குக் கைதட்டல் வேண்டும், பத்துப் பேராவது தேவை. தாளம் தப்பாமல் தட்டத் தெரிந்தவர்கள், ஞாயிறு விடியற்காலை எழுந்து வரக்கூடியவர்கள், மதிய இடைவேளையில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கடைசி பெஞ்சில் பெயர் கொடுக்கவும். கைக்கடிகாரமும் வளையலும் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.