லினக்ஸில் தேடினால் பழைய பதிப்பே வருகிறதா?

2025 தீபாவளி முடிந்த வாரம். சித்தப்பா போன் செய்தார்.

"என்னப்பா, நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் பொய் சொல்லுதே?"

சித்தப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். குடும்பத்தின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, ஜிம்ப் புரோகிராமில் கறைகளை நீக்கிச் சேர்த்து வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஜிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. அதைக் கேள்விப்பட்டு, நான் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்த கட்டளையை டெர்மினலில் டைப் செய்து தேடியிருக்கிறார். கிடைத்த விடை 2.10. நான்கு நாட்கள் கழித்துத் தேடியபோதும் அதே 2.10.

"வெளியாகி ஏழு மாசம் ஆச்சு. இதுக்கு மட்டும் தெரியலையாம்!"

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களில் பலர் ஒரு முறையாவது சந்திக்கும் பிரச்னை இது. சித்தப்பாவின் லேப்டாப்பில் இதற்கு ஒன்றல்ல, மூன்று காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (கட்டளைகளை உச்சரிப்பில் தந்துள்ளேன். டைப் செய்கையில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துக்களில் அமைக்கவும்.)

தேடுவது இன்டர்நெட்டில் அல்ல

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் "ஆப்ட் சர்ச் ஜிம்ப்" என்று கட்டளை கொடுத்தால், இன்டர்நெட்டில் தேடுவதாகத்தான் நினைப்போம். உண்மையில் அது தேடுவது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில். எந்தெந்த புரோகிராம்கள், எந்தப் பதிப்பில் சர்வரில் உள்ளன என்ற பட்டியலின் நகல் ஒன்று, வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் என ஒன்றினுள் ஒன்றாக உள்ள டைரக்டரியில் இருக்கிறது. தேடல் இதைப் புரட்டிப் பார்த்து விடை சொல்லும். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தேடிப் பாருங்கள், அப்போதும் விடை வரும்.

பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை "சூடோ ஆப்ட் அப்டேட்". இது எந்த புரோகிராமையும் மாற்றாது, பட்டியலை மட்டும் கொண்டு வரும். புரோகிராம்களை மாற்றுவது "சூடோ ஆப்ட் அப்கிரேட்". பெயர்கள் ஒன்று போல இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். முதலில் அப்டேட், பிறகுதான் அப்கிரேட்.

வழக்கமாக உபுண்டு இந்தப் பட்டியலைத் தானாகவே தினமும் புதுப்பித்துக் கொள்ளும். சித்தப்பாவின் லேப்டாப்பில் அது நடக்கவில்லை. காரணம் நான்தான். 2023 டிசம்பரில் உபுண்டு 23.10 பதிப்பை நிறுவியபோது, மொபைல் டேட்டாவில் நெட் பயன்படுத்துபவர், அவருக்கு எதற்கு வீண் செலவு என்று, தானாகச் சோதிப்பதை "ஒருபோதும் வேண்டாம்" என அமைத்துவிட்டு வந்தேன். பிறகு மறந்தும் போனேன்.

ஹிட், கெட், எர்

"சித்தப்பா, சூடோ ஆப்ட் அப்டேட்னு கொடுத்துட்டு, வர்றதை அப்படியே படிங்க" என்றேன். அவர் நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு வரியும் "எர்" என்று தொடங்கியது. கூடவே 404 என்ற எண்.

இந்தக் கட்டளை தரும் வரிகளின் முதல் சொல்லைக் கவனிக்க வேண்டும். "ஹிட்" என்றால் உங்களிடம் உள்ள பட்டியல்தான் சர்வரிலும் உள்ளது. "கெட்" என்றால் புதிய பட்டியல் வந்து இறங்குகிறது. "இக்ன்" என்றால் அந்த வரி விடப்பட்டது. "எர்" என்றால் கிடைக்கவில்லை. நெட் இணைப்பு கோளாறால் பட்டியல் இறங்காதபோது, சில பட்டியல்களை இறக்க முடியவில்லை, பழையவையே பயன்படுத்தப்படும் என்ற எச்சரிக்கை கடைசியில் வரும். இதைப் படிக்காமல் விட்டால், அப்டேட் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பழைய பட்டியலிலேயே தேடிக்கொண்டிருப்போம்.

காலாவதியான பதிப்பு

404 என்றால் கேட்ட பைல் அந்த இடத்தில் இல்லை என்று பொருள். ஏன் இல்லை?

உபுண்டுவில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை வரும் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதங்கள் மட்டுமே. 23.10 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது, 2024 ஜூலையில் ஆதரவு முடிந்தது. அப்படி முடிந்தவற்றின் பைல்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து, பழைய வெளியீடுகளுக்கான தனி சர்வரில் வைத்துவிடுவார்கள். சித்தப்பாவின் லேப்டாப் காலி செய்து போன வீட்டின் கதவைத் தட்டிக் கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜிம்ப் பழையதாக இருப்பது பெரிய விஷயமல்ல. அதே லேப்டாப்பில்தான் சித்தப்பா பென்ஷன் கணக்கையும் பார்க்கிறார். உபுண்டுவில் பயர்பாக்ஸ் பிரவுசர் ஸ்நாப் முறையில் வருவதால் அது தனியாகத் தன்னைப் புதுப்பித்துக் கொண்டிருந்தது, அது ஓர் ஆறுதல். ஆனால் கெர்னலும், ஆப்ட் மூலம் வந்த மற்றவையும் நான் நிறுவிய நாளில் இருந்தபடியே கிடந்தன. ஏறக்குறைய இரண்டு வருடங்களாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் இல்லை.

முகவரியைப் பழைய வெளியீடுகளின் சர்வருக்கு மாற்றினால் பிழைச் செய்தி மறைந்துவிடும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இது போதாது. அங்கே இருப்பது காப்பகம், புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கே வந்து சேராது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், போட்டோக்களை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, 2029 வரை ஆதரவு உள்ள உபுண்டு 24.04 எல்.டி.எஸ். பதிப்பை நிறுவினேன். இம்முறை தானாகச் சோதிப்பது "தினமும்".

புதிது போட்டும் 2.10 தானா?

எல்லாம் முடிந்து ஜிம்ப் தேடினோம். 2.10.36! சித்தப்பா என்னைப் பார்த்தார்.

இங்கே பட்டியல் பழையதல்ல. 24.04 வெளியானது 2024 ஏப்ரலில். அப்போது ஜிம்ப் 3.0 வரவே இல்லை. வெளியான பிறகு ஒரு பதிப்பிற்குள் புரோகிராம்களின் பெரிய மாற்றங்களைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தருவார்கள். டெபியனிலும் இதே வழக்கம். டெபியன் 12ல் ஜிம்ப் 2.10தான், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 3.0.

எனவே எண் பழையது என்றால் ஆபத்து என்று பொருளல்ல. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஹார்ட்ப்ளீட் என்ற பெரிய ஓட்டை வெளியானது. சரி செய்யப்பட்ட பதிப்பு 1.0.1ஜி. டெபியன் 7 அந்தப் பதிப்புக்கு மாறவில்லை. தன்னிடமிருந்த 1.0.1ஈ பதிப்பிலேயே ஓட்டையை அடைத்தது. எண்ணின் பின்னால் ஒட்டியிருந்த டெபியனின் திருத்த எண் மட்டும்தான் மாறியது.

சித்தப்பாவுக்கு 3.0 தான் வேண்டும் என்பதால், ப்ளாட்பேக் முறையில் ப்ளாட்ஹப்பிலிருந்து நிறுவினோம். இதன் பட்டியல் வேறு, ஆப்ட் தேடலில் இது தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்து, "எர்" வரிகள் உள்ளனவா எனப் பாருங்கள்.

2. ரிலீஸ் பைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று செய்தி வந்தால், கம்ப்யூட்டரின் தேதி பின்தங்கியிருக்கலாம். தேதியைச் சரி செய்யுங்கள். அணைத்துப் போட்டால் மீண்டும் தவறினால் மதர்போர்டு பேட்டரியை மாற்றுங்கள்.

3. 404 வந்தால் உங்கள் பதிப்பின் ஆதரவு முடிந்துவிட்டதா எனச் சோதியுங்கள். தேடல் முடிவில் புரோகிராம் பெயரை அடுத்து, சாய்கோட்டிற்குப் பின் வருவது பதிப்பின் செல்லப் பெயர். சித்தப்பாவிடம் அது "மாண்டிக்" என்றிருந்தது, அதாவது 23.10.

4. பிழை எதுவும் இல்லாமலே பழையதைக் காட்டினால், "சாப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" பிரிவில் டவுண்லோட் சர்வரை முதன்மை சர்வருக்கு மாற்றிப் பாருங்கள். நகல் சர்வர்கள் சில சமயம் பின்தங்கும்.

5. "ஆப்ட்-கேஷ் பாலிசி" என்று டைப் செய்து புரோகிராம் பெயரைக் கொடுத்தால், உங்களிடம் உள்ள பதிப்பு, கிடைக்கும் பதிப்பு, அது வரும் சர்வர் மூன்றையும் காணலாம்.

அடுத்தவருக்கு லினக்ஸ் நிறுவித் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.டி.எஸ். பதிப்பையே போடுங்கள். ஆதரவு முடியும் மாதத்தை எழுதி அவர் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டு வாருங்கள். சித்தப்பாவின் லேப்டாப் மூடியில் இப்போது "2029" என்று ஒரு சீட்டு இருக்கிறது. நான் வந்து மாற்ற வேண்டிய வருடம் என்று அவரே கீழே எழுதி வைத்திருக்கிறார்.