மைத்ரிக்குப் போகும் வழி

தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறும் நம்மவர்களுக்கு இரண்டு தைரியங்கள் உண்டு. சீப்பையோ செருப்பையோ மறந்துவிட்டால் நாகபுரியில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். போன இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை என்றால் மறுநாளே திரும்பிவிடலாம். இவ்விரண்டையும் துறந்து செய்யும் பிரயாணம் ஒன்றைப் பற்றி இங்கே கூறப் புகுகின்றோம். தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் நம் நாடு நடத்திவரும் மைத்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லும் பிரயாணமே அது.

டாக்டர் காசிம் அவர்களின் தலைமையில் 21 பேர் கொண்ட நமது முதற்குழு, 1981 டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் புறப்பட்டது. அக்குழுவினர் பனிக்கரையில் கால்வைத்தது 1982 ஜனவரி 9ஆம் நாள். தென் அட்சரேகையில் 40 பாகையைத் தாண்டிவிட்டால், காற்றைத் தடுத்து நிறுத்தப் பெரும் நிலப்பரப்பு எதுவும் இல்லை. மேற்கிலிருந்து ஓயாது வீசும் அக்காற்று, கப்பலைத் தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டும். அப்பகுதிக்கு மாலுமிகள் வைத்த பெயர் ‘முழங்கும் நாற்பதுகள்’. அதற்கும் தெற்கே உள்ளது ‘சீறும் ஐம்பதுகள்’. அப்பால் அலை அடங்கும். ஆனால் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கும்.

இக்காலத்தில் பலர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேர விமானப் பயணத்தில் போய்விடுகின்றனர். விமானம் இறங்கும் ஓடுபாதையும் பனிக்கட்டியே. எரிபொருளும் கனத்த பண்டங்களும் மட்டும் இன்றும் கப்பலில்தான் போயாக வேண்டும். கடலோரத்திலிருந்து மைத்ரி சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சங்கிலிச் சக்கரம் பூட்டிய வண்டிகள், சறுக்கு வண்டிகளில் ஏற்றிய சுமையை அவ்வளவு தூரமும் இழுத்துச் செல்லும். வழியெங்கும் வெள்ளைவெளேரென்று ஒரே சமவெளிதான். ஆயினும் அந்த வெண்மையின் அடியில் ஆழமான பிளவுகள் மறைந்திருக்கக் கூடும். ஆகவேதான் செல்பவர்களுக்கு உடற்பரிசோதனை முடிந்ததும், இமயத்தில் ஔலி என்னும் இடத்தில் பனியில் நடக்கவும், பிளவில் விழுந்த தோழனைக் கயிறிட்டுத் தூக்கவும் பயிற்சி தரப்படுகிறது.

நமது முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்ரி மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டப்பட்டது. பனி ஆண்டுதோறும் மேலே படிந்து அதனை மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது. 1990இல் அதனைக் கைவிட நேர்ந்தது. அந்தப் பாடத்தைக் கற்றபின், பாறை வெளிப்பட்டுக் கிடக்கும் ஷிர்மாகர் பகுதியில், ஒரு நன்னீர் ஏரிக்கு அருகில், தூண்களின்மேல் எழுப்பப்பட்டதே மைத்ரி. கிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில் 2012 முதல் பாரதி என்னும் நிலையமும் இயங்கி வருகிறது.

இத்தனை இடர்களுள்ளும் எம் மனத்தைத் தொட்டது வேறொன்று. மார்ச் மாத வாக்கில் கடைசிக் கப்பல் திரும்பிவிடும். கடல் உறையும்; விமானமும் வாராது. குளிர்காலத்துக்கென்று தங்கும் சுமார் 25 பேர், நவம்பர் வாக்கில் வழி திறக்கும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும். அதில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியோதயமே கிடையாது. நோய் கண்டால் உடன் தங்கியிருக்கும் மருத்துவரே கதி. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தாலும், செய்தி வந்து சேருமே தவிர அவரால் போய்ச் சேர முடியாது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, தந்தி வந்த இரவில் ரயில் நிலையத்துக்கு ஓடிய அனுபவம் இருக்கும். ஓடுவதற்கும் வழியற்ற இரவு எப்படியிருக்கும் என்பதை நாம்தான் ஒருவாறு உணரக்கூடும்.

இன்று செயற்கைக் கோள் வழியே வீட்டாரின் குரலைக் கேட்க முடிகிறது. தொடக்க காலத்தில் இவ்வசதி எளிதன்று. 1984இல் தட்சிண கங்கோத்ரியில் ஓர் அஞ்சலகம் திறக்கப்பட்டது. பின்னர் அது மைத்ரிக்கு மாற்றப்பட்டது. அங்கே அஞ்சலில் இட்ட கடிதம் கோடைக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, கடல் கடந்து கோவாவுக்கு வந்து, அங்கிருந்துதான் அவரவர் ஊருக்குப் புறப்படும்.