கையில் இருக்கும் படச்சுருளும் காற்றில் வரும் படமும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் "இந்தப் பாட்டு என்னிடம் இருக்கிறது" என்று சொன்னால், அவர் வீட்டு அலமாரியில் ஓர் இசைத்தட்டோ கேசட்டோ இருக்கிறது என்று பொருள். இன்று அதே சொற்களைச் சொல்பவரின் வீட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அவரிடம் ஒரு செல்போனும் மாதச் சந்தாவும் இருக்கும். பாட்டு எங்கோ தொலைவிலுள்ள ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்கும்போது வருகிறது, கேட்டு முடித்ததும் போய்விடுகிறது.

இது வசதியான ஏற்பாடுதான். இடம் அடைக்காது, தூசி படியாது. ஆனால் ஒரு நாள் அந்தப் பாட்டோ படமோ அங்கிருந்து நீக்கப்பட்டால், அது வேறு யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்வி புதிதன்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த இருவர் எடுத்த இரண்டு ஊமைப்படங்களின் கதை, இதற்கு ஒருவகையில் விடை சொல்கிறது.

இரண்டு ஊமைப்படங்கள்

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், திருவிதாங்கூரில் சினிமாத் தொழில் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், தம் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். அங்கே அவர் எடுத்த படம் 'விகதகுமாரன்'. எழுதி இயக்கியதோடு அதில் அவரே நடித்தும் இருந்தார். மலையாள சினிமாவின் முதல் படம் என்று இன்று போற்றப்படுவது இதுவே. பி.கே. ரோசி என்ற தலித் பெண் இதில் கதாநாயகியாக நடித்தார். அவர் உயர்சாதிப் பெண்ணாக நடித்ததைப் பொறாதவர்களால் அவர் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். அவர் நடித்த ஒரே படம் அது.

படம் நட்டத்தில் முடிந்தது. டேனியல் 1975-இல் காலமானார். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. ஆனால் படம் இன்று எங்கும் இல்லை. அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது, பிலிம் எரியும் அழகைக் காண்பதற்காக விளையாட்டாகத் தீயிட்டதில் சுருள் அழிந்தது என்று கூறப்படுகிறது. ரோசி திரையில் எப்படி நடித்தார் என்பதை இனி ஒருவராலும் பார்க்க முடியாது.

இரண்டாவது படம் 'மார்த்தாண்ட வர்மா'. டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கி, 1933-இல் வெளிவந்தது. பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மன்னரைப் பற்றி சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாவலே இதன் கதை. நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்துக் கமலாலயா புக் டெப்போவிடம் இருந்தது. அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். படம் திரையிடுவது நிறுத்தப்பட்டு, படச்சுருள் கைப்பற்றப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பெருநட்டம்.

ஆனால் கைப்பற்றப்பட்ட சுருளை யாரும் அழித்துவிடவில்லை. அது பதிப்பகத்தாரிடமே கிடந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. காப்பகத்தை உருவாக்கியவரான பி.கே. நாயரின் தேடலால் கிட்டிய செல்வங்களுள் அதுவும் ஒன்று. தென்னிந்திய ஊமைப்படங்களில் தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றுள் ஒன்றாக 'மார்த்தாண்ட வர்மா' இன்றும் இருக்கிறது.

இந்தத் தப்பித்தல் எவ்வளவு அரியது என்பதற்குச் சான்று வேண்டுமா? சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. அதே ஆண்டில் வந்த, இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் இல்லை.

பிலிம் ஏன் இவ்வளவு எளிதில் அழிந்தது?

அக்காலத்துப் பிலிம், செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து இதைப் பெறுவார்கள். வெடிமருந்தாகப் பயன்படும் துப்பாக்கிப் பஞ்சுக்கு இது நெருங்கிய உறவு. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் இதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. ஆதலால் ஒரு முறை பற்றிக்கொண்டால் நீருக்குள் அமுக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

தீ படாவிட்டாலும் இது மெல்லச் சிதையும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவரும். காற்றின் ஈரத்துடன் அவை கலந்து நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டும். அதாவது, அழிவு தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும். பிலிம் முதலில் பிசுபிசுக்கும்; பிறகு கட்டியாகும்; இறுதியில் பழுப்புத் தூளாக உதிரும். வெப்பமும் ஈரமும் கூடக் கூட இந்த வினை வேகமாகும். இரண்டு பருவமழைகளும் கடற்காற்றும் உள்ள நம் மாவட்டம் போன்ற இடங்களில் கேட்க வேண்டுமா? 1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் பிலிம் தயாரிப்பு கைவிடப்பட்டு, எளிதில் தீப்பற்றாத அசிடேட் பிலிம் அதன் இடத்தைப் பிடித்தது.

ஆகவே, கையில் பொருளாக இருப்பதால் மட்டும் ஒன்று நிலைத்துவிடாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் நோய் உண்டு. கேசட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் இழை. அதன்மீது காந்தத் தன்மையுள்ள நுண்துகள் பூச்சு, பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, இருக்கிறது. நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும்போது, துகள்களின் காந்த நிலை ஒலியாக மாற்றப்படுகிறது. துகள்களை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சினால் பூச்சு உரியும். பூஞ்சை பிடித்தால் ஒலி மங்கும்.

குறுந்தகட்டில் பதிவு வேறு விதம். அதில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரே சுருள்தடத்தில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழியின் ஆழம், தகட்டினுள் செல்லும் லேசர் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒளி போய்த் திரும்பும்போது இந்த வேறுபாடு இரு மடங்காகி, அரை அலைநீளம் ஆகிறது. குழியிலிருந்து வரும் அலையின் முகடு, சுற்றுப்புறச் சமதளத்திலிருந்து வரும் அலையின் அகட்டோடு சேர்ந்து, ஒன்றை ஒன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. வெளிச்சம் குறைகிறது. வெளிச்சத்தின் இந்த மாற்றங்களே எண்களாகவும் பிறகு இசையாகவும் ஆகின்றன. கடையில் வாங்கும் தகட்டில் இக்குழிகள் அச்சாலேயே பதிந்தவை. நாம் வீட்டில் எழுதும் தகட்டிலோ ஒரு சாயப்பூச்சுதான் இருக்கிறது. வெயில் பட்டால் அது வெளுத்துவிடும்.

காற்றில் வரும் படம் எங்கே இருக்கிறது?

இப்போது செல்போனுக்கு வருவோம். ஓ.டி.டி. தளத்தில் நீங்கள் ஒரு படத்தைத் தொட்டதும், நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டர் அதைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்புகிறது. சில வினாடிகளுக்கு வேண்டிய துண்டுகள் முன்கூட்டியே வந்து போனில் காத்திருக்கும். பார்த்து முடிந்தவை நீக்கப்படும். சரி, 'டவுன்லோடு' செய்து வைத்துக்கொண்டால்? அப்போதும் போனில் இருப்பது பூட்டிய பெட்டிதான். படம் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவியும் ஓர் எண்தான். அதை நிறுவனமே தருகிறது. சந்தா முடிந்தாலோ நிறுவனத்தின் உரிமம் காலாவதியானாலோ சாவி செல்லாது. பெட்டி உங்களிடம் இருந்தும் படம் உங்களுக்கு இல்லை.

விலை கொடுத்து 'வாங்கியவை'க்கும் இதே நிலை நேர்ந்ததுண்டு. 2009-இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் வருத்தமும் தெரிவித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் எல்லாம் படிக்க இயலாதவை ஆயின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விற்பது பொருளையன்று, உரிமத்தையே என்று வாங்குவோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

இங்கே 'மார்த்தாண்ட வர்மா'வை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதற்கும் நேர்ந்தது உரிமைச் சிக்கல்தான். ஆனால் கைப்பற்றப்பட்டது ஒரு பொருள். பொருளை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்ததை ஒரு நாள் யாராவது கண்டெடுக்கலாம். இணையத்தில் மட்டுமே உள்ள ஒரு படம் இதே காரணத்தால் நீக்கப்பட்டால், நாற்பது ஆண்டு கழித்துத் தேடி வரும் ஒருவருக்கு, பார்த்தவர்கள் எவர் வீட்டிலும் அது கிடைக்காது.

ஓர் அணையும் பல குளங்களும்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பிரதி பத்து ஆண்டுகளில் அழிந்துபோகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு வீடுகளில் மூன்று பிரதிகள் இருந்தால், மூன்றுமே அழியும் வாய்ப்பு 1/10 × 1/10 × 1/10, அதாவது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் இப்பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் அழிவு மற்றொன்றைப் பாதிக்கக் கூடாது. மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒரே தீயில் மூன்றும் போகும். அப்போது வாய்ப்பு மறுபடியும் பத்தில் ஒன்றுதான்.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பேச்சிப்பாறை அணை 1906 முதல் நீர் தருகிறது. ஆயினும் ஊர்தோறும் குளங்கள் இருக்கின்றன. அணையை அடைத்தாலும் குளத்தில் தேக்கிய நீர் சில காலம் பயிரைக் காக்கும். குளங்களைத் தூர்த்துவிட்டு அணையை மட்டும் நம்பினால், ஷட்டரை இறக்கிய அன்றே கடைமடை வரை காய்ந்துவிடும். ஒரு படத்தைப் பத்து லட்சம் பேர் ஒரே நிறுவனத்தின் வழியாகப் பார்ப்பது, பத்து லட்சம் பிரதிகள் இருப்பதாகாது. அது ஒரே அணையிலிருந்து பாயும் பத்து லட்சம் வாய்க்கால்களே.

நிறுவனம் பெரியது என்பதால் அதன் சரக்கு அழியாது என்றும் எண்ண வேண்டாம். மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் 2003 முதல் 2015 வரை இசைக்கலைஞர்கள் ஏற்றி வைத்திருந்த பாடல்கள், சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. காப்பகங்களுக்கும் இது பொருந்தும். 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் பிலிம் கிடங்கு தீப்பிடித்து, பழைய படச்சுருள்கள் பெருமளவில் எரிந்தன.

நம் முன்னோர் இதைத் தெரிந்தே நடந்தனர். ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆதலால் பழுதாகும் முன்பே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். ஒரே நூலின் சுவடி பல வீடுகளிலும் மடங்களிலும் இருந்ததால்தான், உ.வே. சாமிநாதையரால் (1855–1942) ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது.

டிஜிட்டலை வெறுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெயர்த்தெழுதும் வேலைக்கு டிஜிட்டல் முறையைப் போல உதவும் கருவி வேறு இல்லை. ஏடு பெயர்க்கும்போது எழுத்துப் பிழை புகும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் இரைச்சல் கூடும். டிஜிட்டல் கோப்பு வெறும் எண்களின் வரிசை என்பதால், நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. பிழை நேர்ந்தால் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கவும் முடியும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது, பதிவு தகட்டில் இருக்கிறதா கோப்பாக இருக்கிறதா என்பதையன்று. பிரதி யார் கையில் இருக்கிறது, எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதைத்தான். பூட்டில்லாத கோப்பு உங்கள் ஹார்டு டிஸ்கில் இருந்தால் அது உங்களுடையதே. ஆனால் அதையும் ஓர் ஓலையாகவே கருத வேண்டும். பென்டிரைவில் பதிவு என்பது, மின்கடத்தாச் சுவருக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள். ஆண்டுக்கணக்கில் அவை மெல்லக் கசியும். ஹார்டு டிஸ்கின் சுழலும் உறுப்புகள் தேயும்.

உங்கள் வீட்டு அலமாரியை ஒரு முறை திறந்து பாருங்கள். கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டின் கேசட், தேவாலயப் பாடகர் குழுவின் பதிவு, திருமண வீடியோ, மறைந்த பெரியவர் ஒருவரின் குரல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். இவை எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கமாட்டா. வீடியோ கேசட் கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஓடும் கருவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. நாடா நன்றாக இருந்தும் ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை என்ற நிலை தொலைவில் இல்லை.

கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கோப்பாக மாற்றுங்கள். மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். மூன்றாவதை வேண்டுமானால் இணையத்தில் வைக்கலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் இருந்ததை மறந்துவிட வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதிய கருவிக்குப் பெயர்த்து எழுதுங்கள். மூல கேசட்டையும் எறிந்துவிடாமல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

டேனியலின் படத்துக்கு, வேறொரு வீட்டில் இன்னொரு சுருள் இருந்திருந்தால் போதும். ரோசியின் நடிப்பை நாம் இன்று பார்த்திருக்கலாம்.