சீனி வருத்தமும் ஒரு தசமப் புள்ளியும்

சென்ற வருடம் லண்டனிலிருந்து வந்த மாமா, உம்மும்மாவுக்கு ஒரு குளுக்கோமீட்டர் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். மாமா திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் காலை விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "நூற்றுப் பதினாலு, மகள். எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றார். அந்தச் சந்தோசத்தில் இரண்டு துண்டு வட்டிலப்பமும் சாப்பிட்டார். இப்படியே இரண்டு மாதம் போனது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் காலை வெறும் வயிற்றிலேயே 200ஐத் தாண்டியிருப்பது தெரிந்தது.

மீட்டர் பிழையில்லை. அது காட்டிய இலக்கம் 11.4. உம்மும்மாவின் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதன் பொருள் அவருக்குப் புரிந்திருக்காது. இலங்கையில் நாம் இரத்தத்தில் உள்ள சீனியை ஒரு டெசிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். பிரித்தானியாவில் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். குளுக்கோசின் மூலர்த் திணிவு 180 என்பது உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பவர்களுக்குத் தெரியும். எனவே ஒரு மில்லிமோல் என்பது 180 மில்லிகிராம். அது ஒரு லீற்றரில் இருந்தால் டெசிலீற்றருக்கு 18 மில்லிகிராம். ஆக, அந்த மீட்டர் காட்டும் இலக்கத்தை 18ஆல் பெருக்க வேண்டும். 11.4ஐப் பெருக்கினால் 205 வருகிறது.

உம்மும்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மீன்காரரிடம் முக்கால் கிலோவுக்கு விலை பேசி, மிச்சக் காசையும் மனக்கணக்கில் சொல்லிவிடுவார். அவர் பழகாதது தசமமும் வீதமும்தான். சீனி வருத்தம் வந்தவர் தினமும் சந்திப்பதும் அவற்றைத்தான்.

இதனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவு உள்ளவர்களின் எண்ணறிவை அளப்பதற்கென்றே 43 வினாக்கள் கொண்ட ஒரு பரீட்சையைத் தயாரித்தார்கள். 398 நோயாளர்களிடம் அதனை நடத்திப் பெற்ற முடிவுகளை 2008இல் வெளியிட்டார்கள். புள்ளிகளின் இடையம் 65 வீதம். மீட்டர் இலக்கத்தின் பொருளைப் பிழையாக எடுப்பது, உணவிலுள்ள காபோவைதரேற்றைத் தவறாகக் கணக்கிடுவது, மருந்தின் அளவைப் பிழையாகக் கணிப்பது ஆகியவை அடிக்கடி காணப்பட்ட தவறுகள்.

இந்தத் தவறுகள் எப்படி நேர்கின்றன? பிஸ்கட் பக்கற்றில் "ஒரு பரிமாறலில் 18 கிராம் காபோவைதரேற்று, ஒரு பரிமாறல் 3 பிஸ்கட்" என்று இருக்கும். ஐந்து பிஸ்கட் சாப்பிட்டவர் 18 கிராம் என்றே நினைத்துக்கொள்வார். உண்மையில் அது 30 கிராம், ஏறக்குறைய இரண்டு துண்டுப் பாணுக்குச் சமன். மருந்துத் துண்டில் 1 கிராம் என்று எழுதியிருக்கும், கையில் உள்ள குளிசையோ 500 மில்லிகிராம். ஒன்றா இரண்டா என்ற குழப்பம் அங்கே வருகிறது.

இன்சுலின் ஏற்றுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சில சிரிஞ்சுகளில் ஒரு சிறு கோடு 1 அலகு, சிலவற்றில் 2 அலகு. 14 அலகு ஏற்றச் சொன்னவருக்கு, இரண்டாவது வகைச் சிரிஞ்சில் 14 கோடுகளை எண்ணி ஏற்றினால் 28 அலகு போய்விடும். சீனி 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கவும் கூடும். அந்த நேரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: 15 கிராம் சீனி, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோன்பு காலத்தில் இது நம் வீடுகளில் முக்கியமான விடயம். நீரிழிவு உள்ளவர்களின் நோன்பு பற்றிய சர்வதேச வைத்திய வழிகாட்டல், அளவு 70க்குக் குறைந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிடச் சொல்கிறது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றும் அது கூறுகிறது. முறிந்துவிடும் என்று பயந்து பகலில் அளக்காமலே இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே சிலர் இருக்கிறார்கள்.

இன்னொரு இலக்கம் HbA1c, நம்மவர் சொல்வதுபோல் "மூன்று மாதச் சீனி". உம்மும்மாவுக்கு அது 9 வீதம் என்று வந்தது. "நூற்றுக்கு ஒன்பதுதானே, குறைவுதான்" என்று ஆறுதல்பட்டார். அந்த 9 வீதம் என்பது மூன்று மாதமாகச் சராசரியாக 212 இருந்ததற்குச் சமன். 7 வீதம் என்றால் சராசரி 154.

இவற்றைக் கற்பிப்பது எப்படி? வண்டர்பில்ட் குழுவினரே படங்களும் நிறங்களும் கொண்ட, கணக்கைக் குறைத்து எழுதிய பாடத்தாள்களைத் தயாரித்தார்கள். அவற்றால் கற்றவர்களின் சீனி மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. ஆறு மாதம் ஆனபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அடிக்கடி கிட்ட இருந்து சொல்ல வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

உம்மும்மாவின் கொப்பியில் நான் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன்: 5 என்றால் 90, 6 என்றால் 108, 7 என்றால் 126, 8 என்றால் 144, 10 என்றால் 180. புள்ளியைச் சிவப்புப் பேனையால் பெரிதாகப் போடச் சொன்னேன். வைத்தியர் அவருக்குச் சொன்ன எல்லைக்குள் வருவதைப் பச்சை நிறத்தில் அடையாளமிட்டோம். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிட்டுத்தான் பார்த்தார். நேற்றுக் காலை 7.2 வந்தது. "நூற்றி முப்பதுக்குக் கிட்ட, மகள்" என்றார், கொப்பியைத் திறக்காமலே.